காற்றுக்கு வழிவிடும் சட்டை

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

ஆள் பாதி, ஆடை பாதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழியைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். அது பார்க்கிறவன் சொன்ன மொழியே தவிர, உடுத்துகிறவன் சொன்ன மொழி அன்று. எதிரே நிற்பவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்பதைத்தான் அது பேசுகிறது. சித்திரை மாதத்து நடுப்பகலில், நிழலில்லாத பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவனின் முதுகு என்ன பாடுபடுகிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

இந்தக் கட்டுரை அந்த முதுகின் பக்கம் நின்று எழுதப்படுவது. வெயிலில் பயணம் போகிறவர், மலை ஏறுகிறவர், காட்டில் களை எடுக்கிறவர், வாசலில் காவல் நிற்கிறவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் எந்தச் சட்டை ஏற்றது? பஞ்சும் நூலும் தறியுமாக வாழ்கிற கொங்கு நாட்டில் பிறந்த நமக்கு இது தெரியாத செய்தியா என்று சிலர் கேட்கலாம். உலகத்துக்கு உடை தந்துவிட்டு, தன் உடம்புக்கு எது நல்லது என்று எண்ண நேரமில்லாத ஊர் நம் ஊர் என்பதே என் விடை.

எங்கள் பக்கத்து வெயில்

கோவை என்றால் குளிர்ந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் நகரம் அமைந்திருக்கிறது. மேற்கே மலைத்தொடர் பிளந்து பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால், வைகாசி முடியும் தறுவாயில் தென்மேற்குக் காற்று நேரே வந்து நம் முகத்தில் மோதுகிறது. ஆனால் அந்தக் காற்று வருவதற்கு முந்திய மூன்று மாதங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கடக்க வேண்டுமே! ஏப்ரலில் கோவையிலேயே பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கிழக்கே பல்லடம், காங்கேயம், தாராபுரம் என்று போகப் போகப் பூமி வறண்டுகொண்டே போகும். ஈரோட்டையும் கரூரையும் கேட்கவே வேண்டாம். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஈரோட்டில் 40 டிகிரிக்கு மேல் பல நாட்கள் கொளுத்தியது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஒப்பாக வெயிலும் ஆளைக் கொல்லும் என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகு, சட்டையைப் பற்றிப் பேசுவது அலங்காரப் பேச்சு ஆகாது.

வியர்வையின் கணக்கு

நான் இயற்பியல் மாணவன். ஆகையால் சிறிது கணக்குப் போட நண்பர்கள் இசைய வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று நம் வயிற்றுக்குள் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமையோடு நடந்தால் அந்த ஒரு பல்பு மூன்றாகவும் நான்காகவும் ஆகிவிடும். நம் தோலின் வெப்பம் 35 டிகிரி அளவில் நிற்பது. வெளிக் காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாக வெளியே போகும். காற்றும் 35 டிகிரியை எட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. அதற்கும் மேலே போனால் காற்றே நம்மைச் சுடத் தொடங்குகிறது. பிறகு உடம்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வாசல் வியர்வை.

ஒரு கிராம் வியர்வை ஆவியாக மாறும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. இந்தக் கணக்கின்படி, வெறுமனே உட்கார்ந்திருப்பவருக்கே மணிக்கு 150 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். வேலை செய்கிறவருக்கு அரை லிட்டர் வரை ஆகும். இங்கே ‘ஆவியாக வேண்டும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தரையில் சொட்டி விழுகிற வியர்வை வீண் வியர்வை. அது உப்பையும் நீரையும் கொண்டுபோகுமே அன்றி, வெப்பத்தைக் கொண்டுபோகாது. சென்னைக்குத் தேர்வெழுதப் போன நம் மாணவர்கள், “அங்கே வெயில் குறைவுதான், ஆனால் தாங்க முடியவில்லை” என்று சொல்வது இதனால்தான். கடற்கரைக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக இடமில்லை. நம் பக்கத்து வறண்ட காற்று அவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவதில்லை. எவ்வளவு ஈரம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். கொடுப்பதற்கு நம் சட்டை சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கோடைச் சட்டையின் இலக்கணம் ஒன்றே. காற்றை உள்ளே விட வேண்டும், ஈரத்தை வெளியே விட வேண்டும். விலை, பெயர், மினுக்கு எல்லாம் பிறகு.

தறிக்காரர் சொன்ன சோதனைகள்

என் தந்தையார் பல்லடம் பக்கத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். காடாத் துணி நெய்வது தொழில். தறிக் கொட்டகைக்குள் சட்டை போட்டு அவரை நான் பார்த்ததில்லை. கைலியும் திருப்பூர்ப் பனியனுந்தான். எட்டுத் தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே நூல் அறுந்ததைக் காதாலேயே கண்டுபிடிக்கிற அவருக்குத் துணியைக் கையாலேயே படிக்கத் தெரியும். கடைக்குப் போனால் அவர் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் செய்கிற காரியங்கள் சில உண்டு. அவற்றை நண்பர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பார்ப்பது. இழைக்கும் இழைக்கும் நடுவே பொடிப்பொடியாக ஒளி தெரிந்தால் அது காற்றுக்கும் வழி. ஒன்றுமே தெரியாவிட்டால் நெசவு நெருக்கம். நிழலுருவே தெரிந்தால் துணி மிக மெல்லியது. வெயிலின் கதிர் தோலைத் தொட்டுவிடும். நடுத்தரமே நல்லது.

இரண்டாவது, ஊதிப் பார்ப்பது. “துணிய எடுக்கறதுக்கு முன்னால வாயில வெச்சு ஊதிப் பாரு சாமி. ஊதுன காத்து அந்தப் பக்கம் கையில படலீன்னா, உன்ற வேர்வையும் அந்தப் பக்கம் போகாது” என்பார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் காற்று ஊடுருவலை அளக்க ஒரு கருவி வேண்டும். அவருக்கு வாயும் உள்ளங்கையும் போதும்.

மூன்றாவது, ஒரு சொட்டுத் தண்ணீர். நல்ல பருத்தியில் சொட்டு விழுந்தவுடன் பரவி மறையும். செயற்கை இழைத் துணி பலவற்றில் அது முத்துப்போலச் சற்று நின்று வேடிக்கை காட்டும். புதுத் துணியில் கஞ்சியும் மெருகும் இருப்பதால் இந்தச் சோதனை முதல் சலவைக்குப் பிறகே முழு உண்மை பேசும் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

நான்காவது, ஓரத்து இழை இரண்டை உருவி வீட்டுக்கு வந்து தீயில் காட்டுவது. பருத்தி காகிதம்போல எரிந்து, காகித மணம் வீசி, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கடினமான மணியாகத் திரளும். ‘நூறு சதம் காட்டன்’ என்று அச்சடித்த சீட்டு பொய் சொல்லலாம். நெருப்பு பொய் சொல்லாது.

இந்தச் சோதனைகளின் காரணத்தை வகுப்பில் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உலர்ந்த பருத்தி 100 கிராம் எடுத்துச் சாதாரண ஈரக்காற்றில் வைத்தால் ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. நூலின் நேர்த்தியும் முக்கியம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம் நூல் இருக்கும். நம்பர் ஏற ஏற இழை மெலியும், துணி இலேசாகும். 1974-இல் நம் கோவையில் உருவாகி வெளிவந்த ‘சுவின்’ பருத்தி, நூறாம் நம்பருக்கு மேலும் நூற்கத் தக்க நீண்ட இழை கொண்டது. சுஜாதா என்ற நம் நாட்டு இரகமும் செயிண்ட் வின்சென்ட் என்ற மேற்கிந்தியத் தீவு இரகமும் கலந்து பிறந்த குழந்தை அது. பெயரும் அந்த இரண்டின் கலப்பே.

கடையில் கேட்பதற்கு எளிய வழி இது: சாதா நெசவில் பாப்ளின், கேம்பிரிக், மல் போன்றவற்றைக் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கிராம் வரை எடையுள்ள துணி கோடைச் சட்டைக்குப் போதும். ஜீன்ஸ் துணி இதைப்போல மும்மடங்கு கனக்கும். ‘மூங்கில் துணி’ என்று விற்பதில் பெரும்பகுதி மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ்தான். அது வழவழப்பாகவும் குளுமையாகவும் இருக்கும், ஆனால் நனைந்தால் வலுக்குறையும். துணி எடுத்துத் தைப்பதானால் முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்திய பிறகு தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். இல்லையேல் முதல் சலவையில் சட்டை தம்பிக்குப் போய்விடும். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் இரவில் தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தைக்கு ஒருமுறை போய்வந்தால், இத்தனை இரகங்களையும் ஒரே இடத்தில் தொட்டுப் பார்க்கலாம்.

அப்பாருவின் துண்டும் அம்மாவின் சட்டையும்

என் அப்பாரு மாடு பிடிக்கிறவர். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காங்கேயம் காளைகளை ஓட்டிக்கொண்டு இரவும் பகலுமாக நடந்தே போவாராம். தலையில் உருமால், இடுப்பில் வேட்டி, தோளில் ஒரு துண்டு. சட்டை கிடையாது. அந்தத் துண்டு செய்யாத வேலை இல்லை. கிணற்றில் நனைத்துப் போர்த்தினால் குளிரூட்டும் இயந்திரம். உதறி விரித்தால் பாய். முடிந்தால் பணப்பை. வெயிலில் உடம்புக்குத் தேவை என்ன என்று அந்த மனிதருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

இதைச் சொல்லும்போது, “அப்படியானால் சட்டையே வேண்டாமே” என்று யாரேனும் கேட்டால் நான் ஒப்பமாட்டேன். மேலாடை எல்லோருக்கும் எளிதாகக் கிடைத்த பொருளன்று. தோளில் துண்டு போடாதே, மேற்சட்டை அணியாதே என்று உழைக்கும் மக்களில் ஒரு பகுதியினரை ஊர் தடுத்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. தெற்கே திருவிதாங்கூரில் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-இல்தான் அரசாணை பிறந்தது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் சட்டையைத் துறந்தார். அவர் துறந்தது அவராக எடுத்த முடிவு. பிறர் அணியவிடாமல் தடுப்பது வேறு. சட்டை என்பது வெயிலுக்கு மட்டுமன்று, மானத்துக்கும் ஆனது. ஆகவே எவருடைய சட்டையையும் கழற்றச் சொல்லி நாம் வெயிலை வெல்ல முடியாது. சட்டையைத்தான் திருத்த வேண்டும்.

அந்தத் திருத்தத்தை நம் தாய்மார்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்களைப் பாருங்கள். சேலையின் மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான். படித்தவர் சிலருக்கு அது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதில் அறிவியல் இருக்கிறது. பழைய சட்டை நூறு முறை துவைக்கப்பட்டுக் கஞ்சியும் மெருகும் போய் மென்மையானது. அளவில் பெரியதாகையால் உடம்போடு ஒட்டுவதில்லை. முழுக்கையாகையால் வெயிலும் சோளச்சோகையும் கையைக் கிழிப்பதில்லை. பட்டனைத் திறந்துவிட்டால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது.

தொளதொளப்பின் பெருமையை உலகமும் பின்னால்தான் கண்டது. பாலைவனத்து அரபு நாடோடிகள் கறுப்பு அங்கி அணிகிறார்களே, கறுப்பு வெயிலை உறிஞ்சுமே என்று அறிவியலாருக்கு நெடுநாள் ஐயம். 1980-இல் வெளியான ஓர் ஆய்வு அதைத் தீர்த்தது. கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை வாங்குவது மெய். ஆனால் அங்கி தளர்வாக இருப்பதால், அந்தக் கூடுதல் வெப்பம் தோலை அடையும் முன்பே அங்கிக்குள் ஓடும் காற்று அதை வெளியேற்றிவிடுகிறது. உள்ளே இருப்பவருக்கு வெள்ளை அங்கிக்கும் கறுப்பு அங்கிக்கும் வேறுபாடில்லை. இறுக்கமான சட்டையில் நிறம் பெரிய செய்தி. தளர்ந்த சட்டையில் அது சிறிய செய்தி. இற்றை நாளில் நம் மாணவர்கள் விரும்புகிற உடம்பைப் பிடிக்கும் சட்டைக்கு வெளிர்நிறமாவது வேண்டும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

டெரிலினுக்கும் ஒரு நியாயம்

பருத்தி வீட்டுப் பிள்ளை பருத்தியைப் புகழ்வதில் வியப்பில்லை. மறுதரப்பையும் கேட்பதே முறை. 1941-இல் மான்செஸ்டர் பக்கத்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலார் கண்டெடுத்த இழை டெரிலின். சில பத்தாண்டுகளில் அது நம் ஊர்க் கலியாண வீடுகளுக்கும் வந்துவிட்டது. அப்பாருவிடம் ஒரு டெரிலின் சட்டை இருந்தது. மாட்டு வியாபாரத்தில் நல்ல இலாபம் கிடைத்த ஒரு வருடம் எடுத்ததாம். விசேஷங்களுக்கு மட்டும் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வரும். இஸ்திரி வேண்டாம், மடிப்புக் கலையாது, நிறம் மங்காது. அந்தச் சட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. அப்பாருதான் இல்லை.

இஸ்திரிக்குக் காசில்லாதவனும் மடிப்புக் கலையாத சட்டையோடு சபையில் நிற்கலாம் என்ற நிலையை அந்த இழை உண்டாக்கியது. அது சிறிய காரியமன்று. அதன் குற்றம் வெயிலில்தான் தெரியும். தடித்த, நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் வியர்வையை வாங்கவும் வாங்காது, விடவும் விடாது. ஆனால் அதே பாலியெஸ்டரைத் திருப்பூரில் சிறு துளைகளோடு பின்னி விளையாட்டுச் சட்டையாக்கினால் கதை மாறுகிறது. ஈரம் இழையின் மேலாகப் பரவி, துளைவழியே சீக்கிரம் காய்ந்துவிடும். இழை எது என்பதில் பாதி, அதை எப்படி நெய்தார்கள் என்பதில் பாதி.

இரண்டு பயணங்கள்

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முத்தரித்துப் பழனிக்கு நடப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் ஊர்க் கூட்டத்தோடு நானும் தந்தையாரும் போயிருக்கிறோம். தாராபுரம் வரை நெடுக வெட்டவெளி. விடியலிலும் இரவிலும் நடப்பது, உச்சி வேளையில் மரத்தடியில் படுப்பது என்று பெரியவர்கள் திட்டம் வைத்திருந்தார்கள். நடக்கும்போது ஒவ்வொருவர் சட்டையையும் நான் கவனித்துக்கொண்டே வந்தேன். மெல்லிய பருத்திச் சட்டைக்காரர்கள் வறண்ட காற்றில் சுகமாக நடந்தார்கள். விளையாட்டுச் சட்டை போட்ட இளைஞர்களும் சளைக்கவில்லை. ஓடையில் அலசிப் போட்டால் அரை மணியில் அவர்கள் சட்டை காய்ந்தது. தந்தையாருடைய சட்டை புறப்படும்போதும் ஈரமாகவே இருந்தது. ஆனால் இரண்டாம் நாள் மாலை வியர்வை நாற்றத்தில் விளையாட்டுச் சட்டைகளே முந்தின. பெரிதும் அவதிப்பட்டவர்கள் தடித்த, மினுமினுப்பான சட்டை அணிந்தவர்கள். நடையில் பாதியில் அதைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூடமும் அடுப்பும் தீவட்டியும் உள்ள இடத்தில் பாலியெஸ்டர் ஆகாது. தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளியங்கிரிப் பயணம் இதற்கு நேர்மாறான பாடம். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை, உச்சி ஏறத்தாழ ஆறாயிரம் அடி. வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவில் ஏறுகிறார்கள். முதல் மலைப் படிகளிலேயே சட்டை தொப்பலாக நனைந்துவிடும். மேலே போகப் போகக் காற்று கத்தியாக வீசும். கீழே நம்மைக் காப்பாற்றிய அதே பருத்தி, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அங்கே நம் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்குகிறது. பல் கிட்டிப்போகும். ஆகையால் மலை ஏறுகிறவர்கள் உலர்ந்த சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். குளிர்காற்று தொடங்குமுன் நனைந்ததைக் கழற்றி இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஏறுவதற்குச் சீக்கிரம் காயும் சட்டை, உச்சியில் காய்ந்த சட்டை. சமவெளிக்கு ஒரு சட்டம், மலைக்கு ஒரு சட்டம்.

மாமாவின் சீருடை

இதுவரை சொன்னதெல்லாம் தனக்கு வேண்டிய சட்டையைத் தானே தேர்ந்துகொள்ள முடிந்தவர்களுக்கு. அப்படி முடியாதவர்கள் நம் நடுவே எத்தனை பேர்!

என் தாய்மாமன் ஒரு தொழிற்சாலையின் வாயிற்காவலர். கருநீல நிறத்தில் தடித்த பாலியெஸ்டர் சட்டை, தோளில் பட்டை, கழுத்தில் டை, இடுப்பில் பெல்ட், காலில் பூட்ஸ் ஆகியவை அவருக்குக் கொடுத்த சீருடை. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை வேலை. வாசலில் மரம் கிடையாது. ஒருமுறை நான் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “நின்னுக்கிட்டே இருக்கறதுகூடச் சிரமமில்லீங்க மாப்பிள்ளை. இந்தச் சட்டைக்குள்ள நிக்கறதுதான் சிரமம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

2024 மே மாதத்தில் ஒருநாள் பிற்பகல் அவர் வாசலிலேயே மயங்கி விழுந்தார். உடன் இருந்தவர்கள் புத்திசாலிகள். டையையும் பெல்ட்டையும் அவிழ்த்து, சட்டையைத் திறந்து, நிழலில் கிடத்தி, தண்ணீர் தெளித்து விசிறினார்கள். அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து நலமாக வீடு திரும்பினார். அவரை முதலில் காப்பாற்றியது எது என்று எண்ணிப் பார்த்தேன். தண்ணீரும் காற்றும் தோலைத் தொட்டதுதான். அதைத்தானே ஒரு நல்ல சட்டை நாள் முழுவதும் செய்யும்?

வேலைக்குத் திரும்பியதும், கோடைக்கு மட்டுமாவது மெல்லிய பருத்திச் சீருடை தரமுடியுமா என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். சீருடை எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதே மேற்பார்வையாளரின் பதில். ஒன்றுபோல இருக்கட்டும், யார் வேண்டாமென்றார்கள்? எல்லோருக்கும் ஒன்றுபோலப் பருத்தியில் தைத்தால் என்ன கேடு? தந்தையார் தம்மால் ஆனதைச் செய்தார். தெரிந்த தையற்காரரிடம் சொல்லி, சீருடையின் உள்துணியை எடுத்து, அக்குள் பக்கம் தளர்த்தி, முதுகில் மடிப்புக்குள் மறைவாகக் காற்றுவழி வைத்துக் கொடுத்தார். வெளியே பார்க்கிறவர்களுக்கு அதே சீருடை. மாமாவுக்குக் கொஞ்சம் ஆறுதல். நோய் தீரவில்லை, வலி குறைந்தது.

பெரிய மாறுதல்களும் நடக்கக்கூடியவையே. ஜப்பானில் 2005-ஆம் ஆண்டு கோடையில் அரசாங்கமே முன்னின்று, அலுவலகத்துக்குக் கோட்டும் டையும் வேண்டாம், இலேசான சட்டை போதும், குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வையுங்கள் என்று ஓர் இயக்கம் தொடங்கியது. நெடுங்காலம் கோட்டும் டையுமாக அலுவலகம் போனவர்கள் அமைச்சர் முதல் எழுத்தர் வரை மாறிக்கொண்டார்கள். நம் தமிழ்நாட்டில் 2021-இல், கடைகளில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. உட்காருவதை உரிமை என்று ஏற்ற மாநிலம், காற்றோட்டமான சீருடையையும் ஒருநாள் உரிமை என்று ஏற்காதா?

1888-இல் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு ஆலைகள் பெருகின. திருப்பூரின் பனியன் கடல் கடந்தது. சென்னிமலைத் தறியும் பல்லடத்து விசைத்தறியும் ஓயாமல் ஓடுகின்றன. இத்தனை துணி பிறக்கிற மண்ணில், வாசற்காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் சாலைப் பணியாளர்களும் உணவு கொண்டுவந்து தரும் இளைஞர்களும் கோடை வந்தால் காற்றுப் புகாத துணிக்குள் வெந்துகொண்டு நிற்பது நமக்கு அழகன்று.

நண்பர்களே, அடுத்த முறை சட்டை எடுக்கப் போகும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், ஒரு விரற்கடை தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உடம்புக்கு நீங்கள் செய்யும் நன்மை. அதோடு நின்றுவிட வேண்டாம். நம்மில் பலர் நாளை அலுவலராகவும் மேலாளராகவும் முதலாளியாகவும் ஆகப்போகிறவர்கள். பிறருக்குச் சீருடை தேர்ந்தெடுக்கிற பொறுப்பு ஒருநாள் நம் மேசைக்கு வரும். மாதிரித் துணிகள் வரிசையாக முன்னே விரிக்கப்படும். அப்போது நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன், ஒவ்வொன்றையும் எடுத்து ஒருமுறை ஊதிப் பாருங்கள். அந்தப் பக்கம் கையில் காற்று படட்டும்.